பொன்னாடைப் படம் போதும்

கேள்வி: ஐயா, எனக்கு வயது 22. பி.காம். முடித்துவிட்டு, கல்யாண வீடியோ எடுக்கும் அண்ணன் ஒருவரிடம் உதவியாளனாக இருக்கிறேன். ஆட்சி மாறும் என்ற பேச்சு அடிபடும் இந்த நேரத்தில் பத்திரிகைப் போட்டோகிராபர் ஆகிவிட ஆசை. பொதுக்கூட்டங்களில் மேடைக்குப் பக்கத்தில் நின்று படமெடுக்க என்ன வழி? எந்தக் கேமரா வாங்கலாம்?
— ஒரு வாசகர், அஸ்தம்பட்டி, சேலம்.

பதில்: மேடைக்குப் பக்கத்தில் இடமில்லை, தம்பி. மேடையிலேயே இடமில்லை. போஸ் மைதானத்துக் கூட்டம் எதற்காவது போய்ப் பாருங்கள். நோட்டீஸில் பெயர் போட்ட அத்தனை பேரும் மேலே ஏறி நிற்பார்கள். பேசுகிறவர் மைக்கைத் தேடிக்கொண்டிருப்பார்.

பொன்னாடை போர்த்துகிறவர் தலைவரைப் பார்த்து நீங்கள் பார்த்ததுண்டா? அவர் கண் கேமரா மீதுதான் இருக்கும். ஃபிளாஷ் அடிக்காவிட்டால் போர்த்தியதை எடுத்து இன்னொரு தரம் போர்த்துவார். எங்கள் அலுவலகத்துக்கு வந்து குவியும் பொன்னாடைப் படங்களில் ஆளை மாற்றிப் போட்டாலும் யாருக்கும் தெரியாது. துண்டின் கரை மட்டும்தான் ஆட்சிக்கு ஆட்சி மாறுகிறது. ஒரு முறை வட்டச் செயலாளர் ஒருவர் போன் போட்டார். படத்தில் தன் முழங்கை மட்டும் வந்திருக்கிறதாம், மறுபடி போட வேண்டுமாம். "அது உங்கள் முழங்கைதான் என்று எப்படிச் சொல்கிறீர்கள்?" என்று கேட்டேன். "வாட்ச் தெரியுதுங்களே!" என்றார். உண்மைதான், வாட்ச் நன்றாகவே தெரிந்தது. நல்ல வாட்ச்.

1937-இல் லண்டனில் ஆறாம் ஜார்ஜ் மன்னருக்கு முடிசூட்டு விழா. அண்ணன் எட்வர்ட் பட்டத்தை உதறிவிட்டுப் போனதால் தம்பிக்கு வந்த யோகம். அதைப் படமெடுக்க ஃபிரெஞ்சுப் பத்திரிகை ஒன்று ஹென்றி கார்ட்டியே-ப்ரெஸ்ஸான் என்ற இளைஞரை அனுப்பியது. அவர் மன்னரை ஒரு படம்கூட எடுக்கவில்லை. ஊர்வலம் பார்க்க வந்த ஜனங்களைத்தான் எடுத்தார். அதில் ஒரு படத்தில் வரிசையாக ஜனங்கள் மேலே உட்கார்ந்து ராஜாவை எதிர்பார்த்துக் கழுத்தை நீட்டிக்கொண்டிருக்கிறார்கள். கீழே, கசங்கிய பேப்பர் குப்பை மேல் ஒருவர் அடித்துப் போட்ட மாதிரி தூங்குகிறார். ராஜா படங்கள் ஆல்பத்தில் இருக்கின்றன. தூங்குகிறவரைத்தான் இன்னும் பேசுகிறோம்.

நம் பக்கத்துக்கு வருவோம். 1991 மே 21, ஸ்ரீபெரும்புதூர். ராஜீவ் காந்தியைக் கொன்ற குண்டுவெடிப்பில் செத்தவர்களில் ஹரிபாபு என்ற போட்டோகிராபரும் ஒருவர். அவரைப் படமெடுக்க அமர்த்தியவர்கள் யார் என்பது தனிக்கதை. ஆனால் அவர் கேமரா தப்பியது, உள்ளே ஃபிலிமும் தப்பியது. கொலையாளிப் பெண் கையில் மாலையோடு காத்திருந்தது அதில் பதிவாகியிருந்தது. வழக்கு துலங்கியதே அந்த ஃபிலிமைப் பிடித்துத்தான். மேடைக்கு வருமுன் கீழே நின்ற வரிசை அது.

ஆகவே ஆட்சி மாறும் நேரத்தில் எடுக்க வேண்டியது கீழேதான் இருக்கிறது. தேர்தல் தேதி அறிவித்த அன்றே அரசு ஆபீஸில் முதல்வர் படத்தைக் கழற்றுவார்கள். ஸ்டூல் போட்டு ஏறுகிறவர் பெரும்பாலும் ஆபீஸ் உதவியாளர். படம் இறங்கிய இடத்தில், சுவரின் பழைய பெயின்ட் வெயில் படாமல் புதுசாகச் சதுரமாகத் தெரியும். ஓரத்தில் ஒரு பல்லி முட்டை. அதை எடுங்கள். இன்னொரு பக்கம் சுவர் எழுதுகிற பெயின்டர். போன தேர்தலில் ஒரு சின்னத்தை வரைந்த அதே கை, இந்தத் தேர்தலில் அதன் மேல் சுண்ணாம்பு அடித்து இன்னொன்றை வரைகிறது. கூலி வந்ததா என்று கேட்டுவிட்டு எடுங்கள். பாக்கி நின்றிருந்தால் அவர் முகமே சொல்லிவிடும்.

1944-இல் நீதிக்கட்சி திராவிடர் கழகமாக மாறியது இதே சேலத்து மாநாட்டில்தான். மேடையில் பேசியவர்கள் சரித்திரத்தில் இருக்கிறார்கள். கடைசி வரிசையில் துண்டைத் தலைக்கு வைத்துப் படுத்திருந்தவர் என்ன நினைத்தார் என்று பார்க்கத்தான் எனக்கு ஆசை.

இங்கே என் பழைய புலம்பல் ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். கருப்பு வெள்ளை நெகட்டிவில் கருப்பாகத் தெரிவதெல்லாம் வெள்ளிதான். ஃபிலிமைக் கழுவி முடித்த ஹைப்போ என்ற ரசாயனத் தண்ணீரிலும் வெள்ளி இறங்கியிருக்கும். நம் ஊரோ கொலுசு ஊர். ஸ்டுடியோவை மூடும்போது, வாரிசுகள் பெட்டி பெட்டியாக நெகட்டிவை எடைக்குப் போட்டுவிடுகிறார்கள். 1967 வெற்றி ஊர்வலம் செவ்வாய்ப்பேட்டைப் பட்டறையில் உருகி, இப்போது எந்தக் கல்யாணப் பெண் காலில் குலுங்குகிறதோ! ஹார்டு டிஸ்க்கை உருக்கினால் அதுகூடக் கிடைக்காது. அதனால் எடுத்த படத்தை அன்றைக்கே இரண்டு இடத்தில் சேமியுங்கள். தேதி, இடம், படத்திலிருப்பவர் பெயர், இடமிருந்து வலம், எல்லாம் எழுதி வையுங்கள். பெயரில்லாத படம் எங்களுக்கு வேண்டாம். வாட்ஸ்அப்பில் போட்டோவாக அனுப்பினால் சுருங்கிப்போகும், டாக்குமென்ட்டாக அனுப்புங்கள்.

கேமரா கேட்டீர்கள் அல்லவா? உங்கள் அண்ணனிடம் இருப்பதே போதும், முகூர்த்தமில்லாத நாளில் கடன் கேளுங்கள். சொந்தமாக வாங்குவதென்றால் செகண்ட் ஹேண்ட் பாடி ஒன்றும் 50 எம்.எம். லென்ஸ் ஒன்றும் போதும். ஜூம் லென்ஸ் வாங்கினால் மறுபடி மேடைக்குத்தான் திருப்புவீர்கள். பாஸ் விஷயம்: வாக்குச்சாவடிக்குள் போகத் தேர்தல் ஆணையத்தின் அனுமதிக் கடிதம் கட்டாயம் வேண்டும், அப்போதும் ஓட்டின் ரகசியம் கெடும்படி எடுக்கக் கூடாது. தெருவில் நிற்க யாரிடமும் பாஸ் கேட்க வேண்டியதில்லை.

பத்துப் படம் தேர்ந்தெடுத்து எங்களுக்கு அனுப்புங்கள். பிடித்தால் போடுவோம், சன்மானமும் உண்டு, பெரிதாக இருக்காது. ஏற்காட்டுப் பனிமூட்டம் மட்டும் வேண்டாம். அடுத்த கோடை விழா வரைக்கும் ஸ்டாக் இருக்கிறது.