சூரியனும் சிமெண்ட்டும்

கேள்வி: ‘செட்’ என்ற ஆங்கில வினைச்சொல்லுக்கு ‘வை’ என்பதுதானே பொருள்? அப்படியானால் ‘தி சன் செட்ஸ்’ என்பதில் சூரியன் எதை வைக்கிறது?

பதில்: சூரியன் எதையும் வைப்பதில்லை, அங்கே அச்சொல் செயப்படுபொருளை வேண்டாமல் நிற்கிறது. அடிப்படையில் ‘செட்’ என்பது ‘சிட்’ என்ற வினையின் பிறவினை. நம் ‘இரு’, ‘இருத்து’ போன்ற உறவு. மேசைமேல் விளக்கை வைப்பதும் கடிகாரத்தில் அலாரம் வைப்பதும் இந்தப் பொருளின் நீட்சியே. ஆனால் சூரியன் மறைவதையும், ஈரமாய்க் கொட்டிய சிமெண்ட் இறுகிக் கெட்டிப்படுவதையும் சொல்லும்போது, எழுவாய் தானே ஒரு நிலைக்கு வந்து அமைவதாக அந்த வினை மாறிவிடுகிறது.

பின்னொட்டுச் சொற்கள் சேர்ந்தால் பொருள் இன்னும் விலகும். ‘செட் அவுட்’ என்றால் புறப்படுதல். ‘செட் இன்’ என்றால் மழை, சோர்வு போன்று, பெரும்பாலும் விரும்பத்தகாத ஒன்று வந்து நிலைகொள்ளுதல். 1989-இல் வெளிவந்த ஆக்ஸ்போர்டு ஆங்கில அகராதியின் இரண்டாம் பதிப்பில் மிக நீண்ட விளக்கம் பெற்ற சொல் இதுதான் என்பதால், பொருள்களை மனப்பாடம் செய்வதைவிட வாக்கியங்களில் பார்த்துப் பழகுவதே மேல்.

இதன் இறந்தகாலமும் ‘செட்’ தான். ஆகவே ‘ஷி செட் தி டேபிள்’ என்பது நடந்து முடிந்ததைக் குறிக்கும். நிகழ்காலமாயின் ‘செட்ஸ்’ என்று வந்திருக்க வேண்டும். இன்னொன்று: “எனக்கு இது செட் ஆகாது” என்பது நாமே ஆக்கிக்கொண்ட தமிழ் வழக்கு, ஆங்கிலத்தில் அங்கே ‘சூட்’ என்பதே வரும்.