பாண்டிச்சேரி ட்ரிப்: கார்டைத் தேய்க்கிற ஆள் நீங்கள்தானா?

கேள்வி:

சார், எனக்கு வயது 27. சொந்த ஊர் விருதுநகர். சென்னையில் வேலை, வேளச்சேரியில் அறை எடுத்துத் தங்கியிருக்கிறேன். கையில் வரும் சம்பளம் 48,000 ரூபாய். வீட்டுக்கு 12,000, அறை வாடகையில் என் பங்கு 8,500, சாப்பாடும் போக்குவரத்தும் 10,000, பைக் இஎம்ஐ 4,200, போன், இதர செலவு 1,300 போகிறது. மாதம் 3,000 ரூபாய்க்கு ஆர்டி போடுகிறேன், அதில் 27,000 சேர்ந்திருக்கிறது. கிரெடிட் கார்டில் 38,000 பாக்கி. பெரும்பகுதி போன ட்ரிப்பில் வந்தது. நண்பர்கள் எனக்குத் தர வேண்டியது மட்டும் 14,000 இருக்கும். இப்போது மாதாமாதம் மினிமம் டியூ கட்டி வருகிறேன். இன்னும் மூன்று வாரத்தில் நாலு பேர் பாண்டிச்சேரி போகத் திட்டம். இசிஆரில் கார், நல்ல சாப்பாடு, சனிக்கிழமை இரவு பப். "நீ கார்டுல போடு, அப்புறம் பிரிச்சுக்கலாம்" என்கிறார்கள். பாயின்ட்டும் கிடைக்கும் என்று எனக்கும் ஆசைதான். வங்கி ஆப்பில் 1.5 லட்சம் பர்சனல் லோன் தயாராக இருப்பதாகக் காட்டுகிறது. அதை வாங்கி கார்டையும் அடைத்து, ட்ரிப்பும் போய்விடலாமா? அல்லது ஆர்டியை உடைக்கலாமா? தெரிந்தவர் ஒருவரின் காரை ஒரு நாளைக்கு 2,500 ரூபாய்க்குப் பேசி, அட்வான்ஸாக 1,000 கொடுத்துவிட்டேன்.

பதில்:

பாண்டிச்சேரிக்குப் போங்கள். 27 வயதில் நண்பர்களோடு ஒரு சனி, ஞாயிறு ஊர் சுற்றுவதை வேண்டாம் என்று சொல்வது என் வேலையில்லை. ஆனால் உங்கள் கடிதத்தில் என் கண்ணில் உறுத்தியது ட்ரிப் செலவு அல்ல, அந்த 14,000 ரூபாய். நீங்கள் நண்பர்களோடு ஊர் சுற்றுகிறவர் மட்டுமில்லை, அவர்களுக்கு வட்டியில்லாமல் கடன் கொடுக்கிறவரும்கூட. அதுவும் சொந்தப் பணத்தில் இல்லை. வங்கியிடம் வட்டிக்கு வாங்கி, அவர்களுக்குச் சும்மா கொடுக்கிறீர்கள். "கடன் அன்பை முறிக்கும்" என்று பெட்டிக்கடையில் எழுதி மாட்டியிருப்பார்களே, அந்தக் கடைக்காரர் உங்களைவிட விவரமானவர்.

அந்த வட்டி எவ்வளவு என்று பார்ப்போம். பெரும்பாலான கார்டுகளில் மாதம் 3.5 சதவீதத்தை ஒட்டி வரும். உங்கள் ஸ்டேட்மென்ட்டில் சரியான எண் இருக்கும், எடுத்துப் பாருங்கள். 3.5 என்றே வைத்துக்கொண்டால், 38,000 ரூபாய்க்கு ஒரு மாத வட்டி 1,330. அந்த வட்டிக்கு 18 சதவீதம் ஜிஎஸ்டி 239. ஆக, பாக்கி 39,569 ஆகிறது. அதில் 5 சதவீதம், அதாவது 1,978 ரூபாயை மினிமம் டியூ என்று கட்டுகிறீர்கள். மிச்சம் 37,591. கட்டியது ஏறக்குறைய இரண்டாயிரம், கடன் குறைந்தது 409 ரூபாய். புதிதாக ஒரு பைசாகூட தேய்க்காமல் இதே மாதிரி ஐந்து வருடம் கட்டினாலும், கடைசியில் 20,000 ரூபாய் வாக்கில் பாக்கி நிற்கும்.

இன்னொரு விஷயம் பலருக்குத் தெரிவதில்லை. முழுப் பாக்கியையும் கட்டுகிறவர்களுக்குத்தான் அந்த 45, 50 நாள் வட்டியில்லாச் சலுகை. பழைய பாக்கியைத் தூக்கிச் சுமக்கிற உங்களுக்கு அது கிடையாது. பாண்டிச்சேரி ஹோட்டலில் கார்டைத் தேய்த்த நாளிலிருந்தே வட்டி ஓடத் தொடங்கிவிடும். பாயின்ட் ஆசைக்கும் ஒரு கணக்கு போட்டுப் பார்த்தேன். சாதாரண கார்டில் 150 ரூபாய்க்கு ஒரு பாயின்ட், ஒரு பாயின்ட்டுக்கு 25 பைசா என்று வைத்தால், நாலு பேர் ட்ரிப்புக்கு ஆகும் சுமார் 31,000 ரூபாய் செலவுக்குக் கிடைப்பது சுமார் 50 ரூபாய். அதே 31,000-க்கு ஒரு மாத வட்டி ஆயிரத்தைத் தாண்டும்.

லோன் விஷயத்தில் உங்கள் யோசனை முழுக்கத் தப்பு என்று சொல்ல மாட்டேன். கார்டு வட்டி வருடத்துக்கு 42 சதவீதம், பர்சனல் லோன் 16 சதவீதத்துக்குக் கிடைத்தால் அதை வாங்கி இதை அடைப்பது கணக்குப்படி சரிதான். ஆனால் 38,000 பிரச்சினைக்கு 1.5 லட்சம் எதற்கு? மூன்று வருடத்துக்கு எடுத்தால் மாதம் 5,270 ரூபாய் இஎம்ஐ, வட்டி மட்டும் கிட்டத்தட்ட 40,000. பிராசஸிங் கட்டணம் தனி. மிச்சப் பணம் கணக்கில் சும்மா கிடக்குமா? அடுத்த ட்ரிப் கோவாவாக இருக்கும். நான் பார்த்தவரை கார்டை லோன் போட்டு அடைத்தவர்களில் பாதிப்பேர் ஒரு வருடத்தில் லோனும் கார்டுமாக இரண்டு கடனோடு வந்து நிற்பார்கள்.

ஆர்டியை உடையுங்கள். ட்ரிப்புக்காக அல்ல, கார்டை அடைக்க. ஆர்டியில் உங்களுக்கு வருவது ஆறு, ஏழு சதவீதம். முன்கூட்டியே முடித்தால் அதில் கொஞ்சம் பிடிப்பார்கள், அவ்வளவுதான். 42 சதவீதத்துக்குக் கடனை வைத்துக்கொண்டு 7 சதவீதத்துக்குச் சேமிப்பது, ஓட்டைக் குடத்தை நிரப்பிய கதை. 27,000-ஐ அப்படியே கார்டில் கட்டுங்கள். நண்பர்களிடம் 14,000-ஐக் கேளுங்கள். முழுதும் வராது, பாதி வரும் என்றே வைப்போம்: 7,000. வட்டி சேர்ந்த 39,569-இல் மீதி சுமார் 5,570 ரூபாயை வரும் சம்பளத்தில் கட்டி முடித்துவிடலாம். அடுத்த ஸ்டேட்மென்ட்டில் சில நூறு ரூபாய் வட்டி ஒட்டிக்கொண்டு வரும். அது பழைய நாட்களுக்கான வால். கட்டிவிடுங்கள், அதோடு முடிந்தது.

இப்போது உங்கள் மாதக் கணக்கைப் பாருங்கள். நீங்கள் எழுதியிருக்கும் செலவுகள் 36,000. ஆர்டியும் மினிமம் டியூவும் 5,000. மீதி 7,000 எங்கே போகிறது என்று நீங்கள் எழுதவில்லை, நானும் கேட்கவில்லை. கார்டு அடைந்து, ஆர்டியும் நின்றால் மாதம் 12,000 கையில் மிஞ்ச வேண்டும். வரும் சம்பளத்தில் 5,570 கார்டுக்குப் போனால் 6,430 மிச்சம். அதற்கடுத்த சம்பளத்தில் 12,000. ஆகவே மூன்று வாரத்தில் போகும் ட்ரிப்பை ஆறு வாரத்துக்குத் தள்ளுங்கள். உங்கள் பங்கைச் சொந்தப் பணத்தில் கட்டிவிட்டு, பத்தாயிரம் ரூபாய் கையிருப்போடு திரும்பலாம். ஆர்டியை மறுபடி தொடங்குவதற்கு முன் அந்தப் பத்தாயிரத்தைத் தொடாமல் வையுங்கள். விருதுநகருக்கு ராத்திரியோடு ராத்திரியாகக் கிளம்ப வேண்டிய ஒரு நாள் எல்லோருக்கும் வரும்.

உங்கள் பங்கு எவ்வளவு? நான் 8,000 என்று போடுகிறேன். நாலு பேருக்கு 32,000. முறையான வாடகைக் கார் இரண்டு நாளைக்கு 5,500 வாக்கில். சென்னையிலிருந்து இசிஆர் வழியாகப் புதுச்சேரி சுமார் 150 கிலோமீட்டர். போக, வர, உள்ளூரில் சுற்ற என்று 350 கிலோமீட்டர் வைத்தால் 24 லிட்டர் பெட்ரோல், 2,400 ரூபாய். புதுச்சேரியில் லிட்டருக்குச் சில ரூபாய் குறைவு, திரும்பும்போது அங்கே நிரப்பிக்கொள்ளுங்கள். டோல், பார்க்கிங் 600. இரண்டு அறைகள், ஒரு இரவு, வாரக் கடைசி விலையில் அறைக்கு நாலாயிரம் என்றால் 8,000, மேலே 5 சதவீதம் ஜிஎஸ்டி 400. சாப்பாடு 7,000, சனிக்கிழமை இரவு 6,000, ஆட்டோவுக்கு 1,000. கூட்டினால் 30,900. மிச்சம் 1,100 எதிர்பாராததற்கு.

அறை விஷயத்தில் ஒன்று கவனியுங்கள். ஒரு நாள் வாடகை 7,500 ரூபாயைத் தாண்டினால் ஜிஎஸ்டி 5-லிருந்து 18 சதவீதமாகிவிடும். அப்படிப்பட்ட ஹோட்டல்களுக்குள் இருக்கும் உணவகத்திலும் பில்லுக்கு 18 சதவீதம் வரலாம், வெளியே உள்ள உணவகத்தில் 5 சதவீதம்தான். பழைய பிரெஞ்சுப் பகுதியான ஒயிட் டவுனுக்குள் மஞ்சள் சுவர் வீட்டில்தான் தூங்குவோம் என்று அடம்பிடிக்காதீர்கள். கால்வாயைத் தாண்டி மேற்கே, மிஷன் வீதி, காந்தி வீதிப் பக்கம் அறை எடுத்தால் விலை இறங்கும், கடற்கரைக்குப் பத்து, பதினைந்து நிமிட நடை. மாலையானால் கடற்கரைச் சாலையில் எப்படியும் வண்டியை விட மாட்டார்கள். நாலு பேருக்கும் திங்கட்கிழமை லீவு கிடைக்குமென்றால், ஞாயிறு போய்த் திங்கள் திரும்புங்கள். அறை வாடகை நன்றாகக் குறையும், காந்தி வீதியில் ஞாயிறு சந்தையும் கிடைக்கும். பப்பில் கூட்டம் இருக்காது என்று நண்பர்கள் முகம் சுளிப்பார்கள். சுளிக்கட்டும்.

பட்ஜெட் உடைவது எப்போதும் இரவு ஒன்பது மணிக்கு மேல்தான். கார் வாடகையில் நூறு ரூபாய் பேரம் பேசியவர்களே அந்த நேரத்தில் "இன்னொரு ரவுண்டு" என்பார்கள். ஆகவே போவதற்கு முன்பே போன் போட்டு மூன்று கேள்வி கேட்டுவிடுங்கள். நாலு ஆண்கள் மட்டும் வந்தால் உள்ளே விடுவீர்களா? கவர் சார்ஜ், அதாவது நுழைவுக் கட்டணம், எவ்வளவு? அந்தத் தொகையைச் சாப்பாட்டு பில்லில் கழிப்பீர்களா? மெனுவில் போட்டிருக்கும் விலையை நம்பிக் கணக்குப் போடாதீர்கள். மதுவுக்கு ஜிஎஸ்டி கிடையாது, தனியாக வாட் வரி வரும், சாப்பாட்டுக்கு ஜிஎஸ்டி. இவற்றோடு சர்வீஸ் சார்ஜ் என்று ஒரு தொகை இருந்தால், அது கட்டாயமில்லை. எடுக்கச் சொல்லுங்கள். நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022-லேயே இதைச் சொல்லிவிட்டது, 2025-இல் டெல்லி உயர் நீதிமன்றமும் அதை ஏற்றது. உபசரித்த பையனுக்குக் கையில் நூறு ரூபாய் கொடுப்பது வேறு, அதைக் கொடுங்கள்.

குடித்தவர் யாரும் காரைத் தொடக் கூடாது. இதை அறிவுரையாகச் சொல்லவில்லை, கணக்காகவே சொல்கிறேன். முதல் தடவை பிடிபட்டால் 10,000 ரூபாய் அபராதம், ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். இடித்துவிட்டால், வண்டிச் சேதத்துக்கு இன்ஷூரன்ஸ் கம்பெனி கையை விரித்துவிடும். அடிபட்டவருக்குக் கொடுத்த இழப்பீட்டையும் பிறகு உங்களிடமிருந்து வசூலிக்க வழக்குப் போடலாம். அது லட்சங்களில் இருக்கும். ஆட்டோவுக்கு முன்னூறு ரூபாய், ஏறும் முன்பே பேசிவிடுங்கள். அங்கே விலை குறைவு என்று பாட்டில்களை டிக்கியில் அடுக்கிக்கொண்டு வராதீர்கள். எல்லைச் சோதனைச் சாவடியில் பிடித்தால் வழக்கு, வண்டியும் பறிபோகலாம். வண்டி உங்களுடையதும் இல்லை.

கார் பேச்சு வந்துவிட்டது. தெரிந்தவர் கார் என்கிறீர்களே, வெள்ளை நம்பர் பிளேட்தானே? சொந்த உபயோகத்துக்குப் பதிவான காரை வாடகைக்கு விடக் கூடாது. விபத்து நடந்து, காசு கொடுத்து ஓட்டினீர்கள் என்று தெரிந்தால் இன்ஷூரன்ஸ் நிற்காது. நாமே ஓட்டும் வாடகைக் காருக்குக் கறுப்பு பிளேட்டில் மஞ்சள் எழுத்து இருக்கும். அதைத்தான் எடுக்க வேண்டும். வண்டியை வாங்கும்போது நாலு பக்கமும் சுற்றி வீடியோ எடுத்துக்கொள்ளுங்கள். சேதமானால் உங்கள் பொறுப்பு எவ்வளவு, டெபாசிட் எப்போது திரும்பும், எத்தனை கிலோமீட்டருக்கு மேல் கூடுதல் கட்டணம் என்று எழுத்தில் வாங்குங்கள். என் இளவயதில் ஒரு வாடகை வண்டியில் பழைய கீறலுக்கு நான் தண்டம் கட்டினேன், அப்போது வீடியோ எடுக்கிற போன் இல்லை.

வெள்ளி இரவே கிளம்பும் எண்ணமிருந்தால் விடுங்கள். இருட்டில் இசிஆரில் போய் என்ன பார்ப்பீர்கள்? ஒரு இரவு அறை வாடகைதான் கூடும். சனிக்கிழமை விடியற்காலை ஐந்து மணிக்குக் கிளம்பினால், மாமல்லபுரத்தில் வெயில் ஏறுமுன் இறங்கலாம். கடற்கரைக் கோயிலுக்கு ஆளுக்கு 40 ரூபாய் டிக்கெட். அதற்குத் தெற்கே காசு கேட்காத ஊர்கள்தான்: கடலைப் பார்த்தபடி இடிந்து கிடக்கும் ஆலம்பரைக் கோட்டை, சாலையோரம் வெள்ளையாகக் குவிந்திருக்கும் மரக்காணம் உப்பளங்கள், பக்கத்திலேயே பறவைகள் இறங்கும் கழுவேலி ஏரி. இந்த ட்ரிப்பில் உங்களுக்குப் பின்னால் நினைவிருக்கப் போவது இந்தப் பாதைதான் என்று எனக்கு ஒரு சந்தேகம்.

பணத்தை எப்படிக் கையாள்வது என்பதுதான் முக்கியம். கிளம்புவதற்கு ஒரு வாரம் முன்பு, நாலு பேரும் ஆளுக்கு 8,000 ரூபாயை யுபிஐயில் ஒருவர் கணக்குக்கு அனுப்ப வேண்டும். அந்த ஒருவர் நீங்களாக இருக்கக் கூடாது. உங்களால் கறாராகக் கேட்க முடியாது என்பதற்கு 14,000 ரூபாய் சாட்சி. எல்லாச் செலவும் அந்தப் பொதுப் பணத்திலிருந்தே போகட்டும். யார் பணம் வரவில்லையோ அவருக்கு அறை போடாதீர்கள். மொய் எழுதும்போதே நோட்டும் பேனாவும் வைத்துக்கொண்டு பெயர் போட்டுத்தான் வாங்குகிறார்கள், இதில் என்ன கூச்சம்?

பழைய பாக்கியைக் கேட்க இன்றே குரூப்பில் போடுங்கள். சுற்றி வளைக்காமல், "போன ட்ரிப் கணக்கு இது, கார்டை இந்த மாதம் அடைக்கிறேன், பத்தாம் தேதிக்குள் போட்டுவிடுங்கள், முடித்ததும் பாண்டி புக் பண்ணலாம்" என்று எழுதி, ஆளாளுக்கு எவ்வளவு என்று பெயரோடு போடுங்கள். பாண்டிச்சேரி ஆசை இருக்கிறவன் கட்டிவிடுவான்.

அந்த வெள்ளை பிளேட் காருக்குக் கொடுத்த ஆயிரத்தைத் திரும்பக் கேட்டுப் பாருங்கள். தராவிட்டால் சண்டை வேண்டாம், விட்டுவிடுங்கள். ஆனால் அதையும் நாலாகப் பிரித்துப் புதுக் கணக்கின் முதல் வரியில் எழுதுங்கள். உங்கள் பங்கு 250.