பல பொருள் தரும் ஒரு பிரெஞ்சுச் சொல்லையும் அதன் கதையையும் சொல்ல முடியுமா?

பீரோ. ஆமாம், பட்டுப்புடவையையும் வீட்டுப் பத்திரத்தையும் பூட்டிவைக்கிறோமே, அதே பீரோதான்.

மாலை நேர பிரெஞ்சு வகுப்பில் சேர்ந்த புதிதில், "புத்தகம் எங்கே இருக்கிறது?" என்று ஆசிரியை கேட்டார். பாடத்தில் இருந்த விடை: 'ப்யூரோவின் மேல்'. நான் அண்ணாந்து பார்த்தேன். எங்கள் வீட்டில் பீரோவின் மேல் என்றால் பழைய சூட்கேஸும் கொலு பொம்மைப் பெட்டியும் இருக்கிற இடம். ஸ்டூல் போட்டால்தான் எட்டும். ஆசிரியையோ தம் முன்னால் இருந்த எழுதுமேசையைத் தட்டிக் காட்டினார்.

அதோடு விட்டதா? அலுவலகமும் ப்யூரோதானாம். அஞ்சலகம் 'ப்யூரோ த போஸ்த்', வாக்குச்சாவடி 'ப்யூரோ த வோத்', சிகரெட் கடை 'ப்யூரோ த தபா'. தலைவர், செயலாளர், பொருளாளர் அடங்கிய சங்க நிர்வாகக் குழுவும் ப்யூரோ. கணினியை பிரெஞ்சுக்கு மாற்றினால் முகப்புத் திரைக்கும் அதே பெயர்.

இத்தனைக்கும் மூலம் ஒரு முரட்டுக் கம்பளித் துணி. பழைய பிரெஞ்சில் அது 'புரெல்'. துறவிகளின் அங்கியை இன்றும் 'ப்யூர்' என்கிறார்கள். அந்தத் துணியைக் கணக்குப் பார்க்கும் மேசைமேல் விரித்தார்கள். துணியின் பெயர் மேசைக்கு ஒட்டிக்கொண்டது. மேசையின் பெயர் அது கிடந்த அறைக்குப் போயிற்று. பிறகு அறைக்குள் உட்கார்ந்திருந்தவர்களுக்கும். ஆனால் பழைய பொருள் லேசில் சாகவில்லை. 1666இல் வெளியான அங்கதக் கவிதையில் பிரெஞ்சுக் கவிஞர் புவாலோ, 'வெறும் ப்யூரோ' உடுத்திக் குளிர்காலத்தில் மேலங்கிகூட இல்லாமல் திரியும் ஏழைக் கவிஞனைக் காட்டுகிறார். மேசையை உடுத்தியவன் என்று படித்துவிட்டு நான் கொஞ்ச நேரம் விழித்தேன்.

18ஆம் நூற்றாண்டின் நடுவில் வென்சான் த கூர்னே என்பவர், அலுவலகக் கெடுபிடிகளைக் கேலி செய்ய, இந்தச் சொல்லோடு ஆட்சியைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லை ஒட்டவைத்தார். 'ப்யூரோக்ரசி' பிறந்தது: மேசையின் ஆட்சி! இத்தனைக்கும் அவரே வணிகத்துறையைக் கவனித்த அரசு அதிகாரி. நாம் 'அதிகாரவர்க்கம்' என்று மொழிபெயர்த்தபோது அந்த மேசை காணாமல் போய்விட்டது. எனக்கு அதில் கொஞ்சம் வருத்தம்தான்.

மேசையில் இழுப்பறைகள் இருந்தன அல்லவா? அமெரிக்கர்கள் மேசையை விட்டுவிட்டு இழுப்பறைகளை மட்டும் வைத்துக்கொண்டார்கள். அங்கே அது துணி வைக்கும் அடுக்குப்பெட்டி. நம்மிடம் வந்தபோது அது ஆளுயர அலமாரியாக நிமிர்ந்து நின்றுவிட்டது. ரஷ்யா போன சொல், கம்யூனிஸ்ட் கட்சியின் தலைமைக் குழுவைக் குறிக்கும் 'பொலிட்பீரோ'வாக நம் செய்தித்தாள்களுக்கு வந்தது. 'பொலிட்பீரோ கூடியது' என்று படித்த சிறுவயதில், தலைவர்கள் எல்லாரும் அலமாரிக்குள் எப்படி உட்கார்ந்தார்கள் என்று குழம்பியிருக்கிறேன்.

உச்சரிப்பிலும் ஒரு வேடிக்கை. பிரெஞ்சின் அந்த 'யூ' வகுப்பில் யாருக்கும் வரவில்லை. உதட்டை 'ஊ' என்று குவித்துக்கொண்டு 'ஈ' சொல்லுங்கள் என்றார் ஆசிரியை. நான் உதட்டைக் குவித்துக்கொண்டு "பீரோ" என்றேன். "அதேதான்" என்றார்.