கல்லணைக்கு எந்தச் சட்டம்?

அன்புள்ள ஐயா,

நாட்டின் முக்கியக் கட்டமைப்புகளை ஹேக்கர்களிடமிருந்து காக்க அரசும் தனியாரும் சேர்ந்து இயங்க வேண்டும் என்று எழுதியிருந்தீர்கள். 2018 ஆகஸ்டில் முக்கொம்பில் கொள்ளிடம் ஷட்டர்கள் அடித்துக்கொண்டு போனதே, அதற்கு எந்த ஹேக்கர் வந்தான்? எங்களைப் போன்ற கடைமடைக்காரர்களுக்கு இந்தப் பேச்சால் என்ன பயன்?

கே., முத்துப்பேட்டை

அன்புள்ள கே.,

கோபம் நியாயம்தான். 45 மதகில் 9 போயிற்று. வந்தது தண்ணீர், ஹேக்கர் இல்லை.

சட்டத்தைப் பிரித்துப் பார்த்தால் உங்கள் வாதத்துக்கு இன்னும் வலு சேரும். தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 70வது பிரிவு காப்பது கணினிகளை. எவை முடங்கினால் நாட்டின் பாதுகாப்பும் பொருளாதாரமும் மக்கள் நலமும் ஆட்டம் காணுமோ, அவற்றை. அந்த வேலைக்கென்றே 2014-இல் என்.சி.ஐ.ஐ.பி.சி என்ற மத்திய அமைப்பு வந்தது. அணைகளுக்கு 2021-இன் அணைப் பாதுகாப்புச் சட்டம் தனி. 15 மீட்டருக்கு மேல் உயரமானவை அதில் வரும். 10 முதல் 15 மீட்டர் வரை என்றால் சில நிபந்தனைகளோடு. மேட்டூர் தாராளமாக வந்துவிடும். கல்லணை? சுமார் ஐந்தரை மீட்டர்தான். காவிரி, வெண்ணாறு, கல்லணைக் கால்வாய், கொள்ளிடம் என்று நாலாகத் தண்ணீர் பிரியும் இடம், இந்த அளவுகோலுக்குக் குட்டை.

அதற்காக ஹேக்கர் பேச்சே வெட்டி என்று சொல்ல மாட்டேன். 2019 அக்டோபரில் கூடங்குளம் அணுமின் நிலையத்தில் ஹேக்கர் தாக்குதல் ஒன்றுமே இல்லை என்றார்கள். மறுநாளே நிர்வாகப் பிரிவுக் கணினி ஒன்றில் வைரஸ் புகுந்ததை அணுமின் கழகம் ஒப்புக்கொண்டது. உலையை இயக்கும் கணினிகள் தனி என்பதால் தப்பித்தோம். 2022 முதல் இப்படி எது நடந்தாலும், தனியாராக இருந்தாலும், ஆறு மணி நேரத்துக்குள், இணையத் தாக்குதல்களைக் கவனிக்கும் மத்திய அமைப்பான செர்ட்-இன்னுக்குச் சொல்லியாக வேண்டும். நல்ல விதி.

எனக்குக் கவலை வேறு. 2018 நவம்பர் 16, கஜா புயல். அப்போது திருத்துறைப்பூண்டி பக்கம் இருந்தேன். வீட்டுக்குப் பின்னால் ஒரு தனியார் செல்போன் டவர். மின்சாரம் போனதும் அதன் ஜெனரேட்டர் ஓட ஆரம்பித்தது. அந்த இரைச்சலே தைரியமாக இருந்தது. மறுநாள் மதியம் நின்றுவிட்டது. டீசல் தீர்ந்துவிட்டது. பங்க்கில் டீசல் இருந்தது, வழியில் புளியமரம் கிடந்தது. மரத்தை அறுக்க மெஷின்காரரைக் கூப்பிட வேண்டும். கூப்பிட டவர் வேண்டும். டவர் ஒருத்தருடையது, மின்கம்பம் இன்னொருத்தருடையது, ரோடு மூன்றாமவருடையது. அவரவர் பொருளை அவரவர் பத்திரமாகத்தான் வைத்திருந்தார்கள். நடுவில் இருந்த இடைவெளிக்குத்தான் ஆள் இல்லை. அரசும் தனியாரும் சேர்ந்து என்று நான் எழுதியது இதை நினைத்துத்தான். சரியாகச் சொல்லாதது என் தப்பு.

அப்புறம் வெளிமாவட்டத்திலிருந்து மின் ஊழியர்கள் லாரியில் வந்து இறங்கினார்கள். ராத்திரி பகல் பார்க்காத உழைப்பு. வந்ததும் கேட்ட முதல் கேள்வி: "ஆஸ்பத்திரிக்கும் தண்ணீர்த் தொட்டி மோட்டாருக்கும் எந்த டிரான்ஸ்ஃபார்மர்?" வரைபடம் எதுவும் கைவசம் இல்லை. எங்கள் லைன்மேன் ஒருவர் லாரி முன்னால் மொபெட்டில் போய், ஒவ்வொன்றாகக் கை காட்டினார். அவருக்கு ரிட்டையராக அப்போது ஒரு வருஷம்தான் பாக்கி.