முதலில் குழாயைப் பாருங்கள்

வாசகர் கேள்வி – பதில்

போன இதழில் ஒருவருக்குப் பதில் எழுதும்போது, “வீட்டுக்கு வேண்டியதில் ஏதாவது ஒன்றையாவது நாமே செய்துகொள்ளப் பழகலாமே” என்று போகிற போக்கில் ஒரு வரி எழுதிவிட்டேன். அதைப் பிடித்துக்கொண்டு கடிதம் வந்து குவிந்துவிட்டது. பாதிப் பேர் எங்கே ஆரம்பிப்பது என்று கேட்கிறார்கள், மீதிப் பேர் ஆரம்பித்துச் சொதப்பிய கதையைச் சொல்கிறார்கள். சரி, இந்த முறை பக்கம் முழுக்க இதுதான்.

கேள்வி: வாடகை வீடு. மண் கிடையாது, வெயில் வருகிற ஜன்னல் ஒன்றே ஒன்றுதான். வேலை முடிந்து வீடு வரவே இரவாகிவிடுகிறது. வீடியோக்களில் மாடு, கோழி, கிணறு, சோலார் என்று வாழ்கிறவர்களைப் பார்த்தால் ஏக்கமாகவும் இருக்கிறது, எரிச்சலாகவும் இருக்கிறது. எனக்கெல்லாம் தற்சார்பு வாழ்க்கை சாத்தியமா அக்கா?

பதில்: முழுத் தற்சார்பு என்றால் சாத்தியம் இல்லை. உங்களுக்கு மட்டும் இல்லை, கிட்டத்தட்ட யாருக்குமே. ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு ஆளுக்கு நாளைக்கு 2,000 கலோரி என்று வைத்துக்கொள்வோம். 100 கிராம் உருளைக்கிழங்கில் இருப்பது சுமார் 77 கலோரி. வேறு எதுவுமே தொடாமல் உருளையை மட்டும் தின்று உயிர் வாழ்வதென்றால் தினமும் இரண்டரைக் கிலோவுக்கு மேல், வருடத்துக்குக் கிட்டத்தட்ட 950 கிலோ வேண்டும். சதுர மீட்டருக்கு 2 கிலோ விளைந்தால் அது நல்ல விளைச்சல்தான், அப்படி விளைந்தாலும் 475 சதுர மீட்டர் நிலம். இது ஒரே ஒரு ஆளுக்கு, பூச்சி அடிக்காமல், மழை பொய்க்காமல், அலுப்பும் தட்டாமல் இருந்தால். அந்த வீடியோக்காரர்களும் உப்பையும் ஆணியையும் கேமராவையும் வெளியில்தான் வாங்குகிறார்கள், அதைப் படம் பிடிப்பதில்லை, அவ்வளவுதான்.

அதனால் அந்தப் பக்கமே போக வேண்டாம். ஒரே ஒரு வாரம், எதற்கெல்லாம் வெளியே கை நீட்டுகிறீர்கள் என்று ஒரு துண்டுத் தாளில் குறித்து வையுங்கள். வாங்கியது, ஆளைக் கூப்பிட்டுச் செய்தது, தூக்கிப் போட்டுவிட்டுப் புதிதாக எடுத்தது, எல்லாமே. அதில் அடிக்கடி வருகிற, சின்னதான, கெட்டுப்போனாலும் குடி முழுகாத ஒன்றை மட்டும் எடுங்கள். உங்கள் தாளில் புதினா இருந்தால் ரொம்ப வசதி. அடுத்த முறை வாங்கும் கட்டிலேயே நல்ல தண்டாக நாலு எடுத்து, கணுவுக்குச் சற்றுக் கீழே வெட்டி, கீழ் இலைகளை உருவிவிட்டு ஒரு டம்ளர் தண்ணீரில் ஜன்னலோரம் வையுங்கள். இலை தண்ணீருக்குள் முங்கினால் அழுகும், அதற்குத்தான் உருவச் சொல்கிறேன். இரண்டு நாளைக்கு ஒரு தடவை தண்ணீரை மாற்றுங்கள். வாரம் பத்து நாளில் கணுவில் வெள்ளை நூல் மாதிரி வேர் விடும். விரல் நீளம் ஆனதும் தொட்டிக்கு மாற்றிவிடலாம். தொட்டிக்கு மண் பிடிக்கப் போகவே ஒரு மாதம் ஆனாலும் அது டம்ளரிலேயே பொறுமையாகக் காத்திருக்கும்.

கேள்வி: ஆசை ஆசையாக ஆறு தக்காளி நாற்று வாங்கி வைத்தேன், ஆறும் போய்விட்டது. தினமும் இரண்டு வேளை தண்ணீர் ஊற்றினேன். எனக்குக் கைராசி இல்லை என்கிறார் என் கணவர்.

பதில்: கைராசி இருக்கிறது, அளவுக்கு அதிகமாக இருக்கிறது. நீங்கள் ஊற்றிய தண்ணீரில்தான் அவை மூழ்கிப் போயிருக்க வேண்டும். வேருக்குக் காற்றும் வேண்டும். மண்ணில் இருக்கிற இடைவெளி எல்லாம் தண்ணீரே நிரம்பி நின்றால் வேர் மூச்சு முட்டி அழுகும், அழுகிய வேரால் தண்ணீரை உறிஞ்ச முடியாது, இலை வாடும். வாடுகிறதே என்று நாம் இன்னும் ஒரு குவளை ஊற்றுவோம். இதில் நான் பழம் தின்று கொட்டை போட்டவள். புதுத் தொட்டி ஒன்றின் அடியில் துளைக்கான அடையாளம் மட்டும் அச்சாகியிருந்தது, அதை நாம்தான் குத்தித் திறக்க வேண்டும் என்று தெரியாமல் மூன்று வாரம் ஊற்றிக்கொண்டே இருந்தேன். செடியைப் பிடுங்கியபோது வேர் பழுப்பாக, பிசுபிசுவென்று, சாக்கடை நாற்றத்துடன் கையோடு வந்தது.

தொட்டியைக் கவிழ்த்து ஓட்டை இருக்கிறதா என்று பாருங்கள். ஆள்காட்டி விரலை இரண்டு கணு ஆழம் மண்ணுக்குள் விடுங்கள், உள்ளே ஈரம் இருந்தால் அன்றைக்குத் தண்ணீர் கிடையாது. தக்காளிக்கு நாளைக்கு ஆறு மணி நேரமாவது நேரடி வெயில் வேண்டும், அது இல்லாத இடத்தில் செடி ஒல்லியாக நெடுநெடுவென்று வளர்ந்து உங்களை ஏமாற்றும். அவ்வளவு வெயில் இல்லையென்றால் தக்காளியை விட்டுவிட்டுக் கீரைக்குப் போங்கள், மூன்று நான்கு மணி நேரத்திலேயே திருப்தியாக வளரும். இந்தத் தடவை ஆறு வேண்டாம், இரண்டு போதும். கணவரிடம் ஒரு தொட்டியைக் கொடுத்துவிடுங்கள், அவர் கைராசியையும் பார்த்துவிடலாம்.

கேள்வி: மாவு, மசாலா, சோப்பு எல்லாம் ரெடிமேடாகத்தான் வாங்குகிறேன். ஒவ்வொரு தடவையும் குற்ற உணர்ச்சியாக இருக்கிறது.

பதில்: வாங்குங்கள். எனக்கும் சோப்பு காய்ச்சத் தெரியாது, கற்றுக்கொள்ளும் உத்தேசமும் இல்லை.

கேள்வி: சமையலறைக் குழாய் சொட்டிக்கொண்டே இருக்கிறது. இந்தச் சின்ன வேலைக்கு யாரும் வர மாட்டேன் என்கிறார்கள். நானே பார்க்கலாமா, பெரிதாக்கிவிடுவேனா?

பதில்: இந்த வாரத்தில் எனக்கு ரொம்பப் பிடித்த கேள்வி இதுதான். தற்சார்பு என்றதும் எல்லாரும் செடிக்கு ஓடுகிறோம், சொட்டுகிற குழாயை யாரும் அந்தக் கணக்கில் சேர்ப்பதே இல்லை. வினாடிக்கு ஒரு சொட்டு என்றால் நாளைக்கு 86,400 சொட்டு. ஒரு லிட்டருக்குச் சுமார் 4,000 சொட்டு என்று வைத்தாலும் தினமும் 21 லிட்டர், வருடத்துக்கு 7,500 லிட்டருக்கு மேல். செடி வளர்த்து மிச்சம் பிடிப்பதை விட இதில் மிச்சம் அதிகம்.

பல சுற்று சுற்றித் திறக்கிற பழைய மாதிரிக் குழாய் என்றால் பெரும்பாலும் உள்ளே இருக்கிற ரப்பர் வாஷர்தான் தேய்ந்திருக்கும். முதலில் அந்தக் குழாய்க்குத் தண்ணீர் வருகிற வால்வை மூடுங்கள், மூடிய பிறகு குழாயைத் திறந்து வையுங்கள். உள்ளே நிற்கிற தண்ணீர் வடிந்துவிடும், வால்வு சரியாக மூடியிருக்கிறதா என்பதும் தெரிந்துவிடும். வடிவது நிற்கவே இல்லையென்றால் அடுத்த அடி எடுத்து வைக்காதீர்கள், வீட்டு மெயின் வால்வைத் தேடுங்கள். அப்புறம் குழாய்க்குக் கீழே பாத்திரம் கழுவுகிற தொட்டியின் ஓட்டையை ஒரு துணியால் அடையுங்கள். இதை எழுதக் காரணம், என்னுடைய முதல் ஸ்குரூ நேராக அதற்குள்தான் போனது. கைப்பிடியைக் கழற்றி, அதற்குக் கீழே இருக்கிற நட்டை ஸ்பேனரால் இளக்கினால் தண்டு மொத்தமாக வெளியே வரும், அதன் நுனியில் கறுப்பாக ஒரு வட்டம், அதுதான் வாஷர். நடுவில் வளையமாகப் பள்ளம் விழுந்து கெட்டிப்பட்டிருக்கும். அளவு சொல்லி வாங்கப் பார்க்காதீர்கள், பழையதையே எடுத்துக்கொண்டு போய்க் காட்டி அதே மாதிரி வாங்குங்கள். மாட்டும்போது முரட்டுத்தனமாக இறுக்க வேண்டாம்.

கால் சுற்றிலேயே திறந்து மூடுகிற குழாய் என்றால் இந்தக் கதை பொருந்தாது. அதற்குள் பெரும்பாலும் பீங்கான் தட்டு வைத்த கார்ட்ரிட்ஜ் என்கிற உருளைப் பாகம் இருக்கும், அதை முழுசாகத்தான் மாற்ற வேண்டும். அதுவும் முடிகிற வேலைதான்.

கேள்வி: பீன்ஸ், சோளம் எல்லாம் மலிவாகக் கிடைக்கும்போது வேகவைத்து, பாட்டிலில் சூடாக அடைத்து வருடம் முழுக்க வைத்துக்கொள்ளலாமா? எண்ணெயில் பூண்டு ஊறவைத்து அலமாரியில் வைக்கவும் ஆசை.

பதில்: இங்கே மட்டும் நான் கறாராக இருக்கப் போகிறேன். வேண்டாம். மண்ணில் சாதாரணமாக இருக்கிற ஒரு பாக்டீரியா, பெயர் கிளாஸ்ட்ரிடியம் பாட்டுலினம். அதன் வித்துகள் கொதிக்கிற தண்ணீரிலும், அதாவது 100 டிகிரி செல்சியஸிலும் தாக்குப்பிடிக்கும். காற்றுப் புகாமல் அடைத்த, புளிப்பு குறைந்த உணவுக்குள் அவை முளைத்து நஞ்சை உண்டாக்கும், அந்த நஞ்சு நரம்பைத் தாக்கி மூச்சு விடுகிற தசைகளையே முடக்கிவிடும். பாட்டில் உப்பலாம், உப்பாமலும் இருக்கலாம். நாற்றமே வராமலும் போகலாம். புளிப்பை அளக்கிற பிஎச் அளவு (எண் கூடக் கூடப் புளிப்பு குறைவு) 4.6-க்கு மேல் இருக்கிற பீன்ஸ், சோளம் போன்றவற்றை அடைக்க அதற்கென்றே உள்ள பிரஷர் கேனர் என்கிற அழுத்தப் பாத்திரத்தில் 116 முதல் 121 டிகிரி வரை கொண்டுபோக வேண்டும், எவ்வளவு நேரம் என்பதையும் சோதித்து வெளியிட்ட குறிப்பைப் பார்த்து அப்படியே செய்ய வேண்டும், கண்ணளவு கையளவு எல்லாம் இங்கே செல்லாது. எண்ணெயில் பூண்டும் இதே ஆபத்துதான், வேண்டுமானால் கொஞ்சமாகச் செய்து ஃபிரிட்ஜில் வைத்து இரண்டு மூன்று நாளில் தீர்த்துவிடுங்கள்.

பீன்ஸை நறுக்கி, கொதிநீரில் இரண்டு மூன்று நிமிடம் போட்டெடுத்து, உடனே குளிர்ந்த நீரில் ஆறவைத்து ஃபிரீசரில் போட்டுவிடுங்கள். மாதக்கணக்கில் இருக்கும், நீங்களும் நிம்மதியாகத் தூங்கலாம்.

கேள்வி: கம்போஸ்ட் தொட்டி நாறுகிறது, பக்கத்து வீட்டுக்காரர் முறைக்கிறார்.

பதில்: ஈரம் அதிகம், காற்று இல்லை. ஒரு பங்கு காய்கறித் தோலுக்கு இரண்டு மூன்று பங்கு காய்ந்த சருகோ, கிழித்த அட்டைப்பெட்டியோ போட்டு நன்றாகக் கிளறுங்கள். கையில் எடுத்துப் பிழிந்தால் ஒன்றிரண்டு சொட்டு வரலாம், ஒழுகக் கூடாது. இறைச்சி, மீன், எண்ணெய்ப் பண்டம் போட்டிருந்தால் பக்கத்து வீட்டுக்காரர் முறைப்பது நியாயம்தான்.

கேள்வி: வாங்கிய தக்காளியிலிருந்தே விதை எடுக்கலாமா? முளைக்காது என்கிறார்களே.

பதில்: பெரும்பாலும் முளைக்கும். என்ன காய்க்கும் என்பதுதான் தெரியாது. கடையில் கிடைப்பது பெரும்பாலும் வீரிய ஒட்டு ரகம், அதன் அடுத்த தலைமுறை ஒரே மாதிரி வராது, ஒரு செடி அம்மாவைப் போல, இன்னொன்று தாத்தாவைப் போல. கலப்பில்லாத ரகம் கையில் கிடைத்தால் தக்காளி நல்ல ஆரம்பம், பூ தன்னைத் தானே மகரந்தச் சேர்க்கை செய்துகொள்கிற செடி அது. விதையை அதன் வழவழப்போடு ஒரு கிண்ணத்தில் பிழிந்து, கொஞ்சம் தண்ணீர் விட்டு இரண்டு மூன்று நாள் புளிக்க விடுங்கள். முளைப்பதைத் தடுப்பது அந்த வழவழப்புதான். மேலே ஆடை கட்டி நாறும், பயப்படாமல் கழுவி, அடியில் தங்கியதைத் தட்டில் உலர்த்துங்கள். காகிதத்தில் உலர்த்தினால் ஒட்டிக்கொண்டு உயிரை வாங்கும். பூசணியை இப்போதைக்குத் தொடாதீர்கள், தேனீக்கள் அக்கம்பக்கத்துப் பூசணியோடு எல்லாம் சம்பந்தம் பேசிவிடும்.

கேள்வி: நான் இரண்டு வருடமாக முடிந்ததை எல்லாம் வீட்டிலேயே செய்கிறேன். என் தங்கை நேர் எதிர், எல்லாமே ஆர்டர்தான். நல்லதுக்குச் சொன்னாலும் சண்டை வருகிறது. அவளுக்கு எப்படிப் புரியவைப்பது?

பதில்: அவள் உங்களிடம் கேட்டாளா? கேட்கவில்லை என்றால் புரியவைக்க ஒன்றும் இல்லை. உங்கள் கடிதத்திலேயே நாலாவது வரியில், அவளுக்கு இரட்டைக் குழந்தைகள், வயது ஒன்றரை என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த வீட்டில் கதவு தட்டி வருகிற பொட்டலம் ஆடம்பரம் இல்லை, அதுதான் அவளை நிமிர்த்தி வைத்திருக்கிறது. நீங்கள் இதையெல்லாம் செய்வதற்கு ஆர்வம் மட்டும் காரணமாக இருக்காது, நேரம் இருக்கிறது, இடம் இருக்கிறது, தோற்றால் தாங்குகிற சக்தி இருக்கிறது. கேட்காத வீட்டுக்கு நாற்றுகூடக் கொண்டுபோகாதீர்கள், அதற்கும் தண்ணீர் ஊற்றுகிற வேலை அவள் தலையில்தான் விழும். அடுத்த தடவை போகும்போது இரண்டு மணி நேரம் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளுங்கள், அவள் தூங்கட்டும்.

கேள்வி: இதனால் எவ்வளவு காசு மிச்சமாகும்?

பதில்: முதல் வருடம் செலவுதான் ஆகும். தொட்டி, மண், ஸ்பேனர், செத்துப்போகிற நாற்று. பழுது பார்ப்பதில் சீக்கிரம் மிச்சம் தெரியும், தோட்டத்தில் மெதுவாக. காசுக்காக மட்டும் என்றால் ஊசியும் ஸ்பேனரும் வாங்குங்கள், மண்வெட்டி அப்புறம்.

கேள்வி: இதுவரை ஒன்றுமே செய்ததில்லை. உண்மையிலேயே ஒன்றுமே. சட்டைப் பொத்தான் அறுந்து மூன்று மாதமாக அந்தச் சட்டை கதவுக்குப் பின்னால் தொங்குகிறது. சிரிக்காமல் பதில் சொல்லுங்கள்.

பதில்: சிரிக்கவில்லை தம்பி, என் வீட்டுக் கதவுக்குப் பின்னாலும் ஒன்று தொங்குகிறது. இன்றைக்கு இரவு இதை மட்டும் செய்யுங்கள். நூலை ஊசியில் கோத்து இரட்டையாக்கி நுனியில் முடிச்சுப் போடுங்கள். பழைய பொத்தான் இருந்த இடத்தில் நூல் துணுக்கு மிச்சம் இருக்கும், அதைப் பிடுங்கிவிட்டு அதே இடத்தில் பின்பக்கத்திலிருந்து குத்துங்கள். பொத்தானை வைத்து, அதன் மேலே ஒரு தீக்குச்சியைக் கிடத்தி, குச்சிக்கு மேலாக நூல் போகும்படி ஓட்டைக்கு ஓட்டை நாலைந்து தடவை தையுங்கள். பிறகு குச்சியை உருவினால் பொத்தான் கொஞ்சம் தொளதொளவென்று நிற்கும். ஊசியைப் பொத்தானுக்கும் துணிக்கும் நடுவே கொண்டுவந்து, அந்த இடைவெளியில் நூலை இறுக்கமாக ஐந்தாறு சுற்று சுற்றுங்கள். பொத்தான் மாட்டும்போது மேல் துணி உட்கார இடம் வேண்டும், அந்த இடத்துக்குத்தான் தீக்குச்சி. ஊசியைப் பின்பக்கம் இழுத்து இரண்டு முடிச்சு. நூலைப் பல்லால் கடிக்காமல் கத்தரிக்கோலைத் தேடி எடுங்கள்.