வாசகர் கேள்வி: டெலோரியன் நகலை விழாவுக்கு அழைக்கலாமா?

கேள்வி: அமெரிக்காவில் நடந்த ஒரு விழா வீடியோவில் ‘பேக் டு த ஃப்யூச்சர்’ படத்தில் காலம் தாண்டிப் போகும் டெலோரியன் கார் வந்து நின்றது. ‘புதுப்பிக்கப்பட்ட நகல், விழாக்களுக்குக் கிடைக்கும்’ என்று போட்டிருந்தார்கள். அசல் கார் இருக்கும்போது நகலுக்கு எதற்கு இவ்வளவு மெனக்கெடல்? – வாசகர், மதுரை

பதில்: இந்தக் கார் விஷயத்தில், நகல் செய்து பழகியவர்கள் இல்லாவிட்டால் அசலே நமக்கு மிஞ்சியிருக்காது என்பேன். முதல் படம் 1985ல் வந்தது. மூன்று பாகங்களுக்கும் சேர்த்து ஏழு கார்கள், அதில் ஒன்று பறக்கும் காட்சிக்காகச் செய்த ஃபைபர் கூடு. கிட்டத்தில் வைத்து எடுத்த காட்சிகளுக்குப் பயன்பட்ட முக்கியமான கார், படமெல்லாம் முடிந்த பிறகு யுனிவர்சல் ஸ்டுடியோ வளாகத்தில் வெட்டவெளியில் பல வருடம் வெயிலிலும் மழையிலும் நின்றது, பார்க்க வந்தவர்கள் கைக்கு எட்டிய பாகத்தையெல்லாம் கழற்றிக்கொண்டு போய்விட்டார்கள். பார்க்கவே பாவமாக ஆகிவிட்ட அந்தக் காரை மீட்க வேண்டும் என்று படத்தின் எழுத்தாளர்களில் ஒருவரான பாப் கேல் முன்னின்று, 2012 வாக்கில் வேலை தொடங்கியபோது கூப்பிடப்பட்டவர்கள் யார் என்கிறீர்கள்? நகல் செய்து பழகிய ரசிகர்கள்தான். படத்தை நிறுத்தி நிறுத்திப் பார்த்து, எந்த ஒயர் எங்கிருந்து கிளம்பி எங்கே போகிறது, எந்தப் பெட்டி எந்தப் பழைய சாமானிலிருந்து எடுத்தது என்று தேடித் தேடிக் குறித்து வைத்திருந்த கூட்டம் அது. காரின் பின்பக்கம் இருப்பதாகப் படத்தில் காட்டும் அணு உலையில் டாட்ஜ் போலாரா காரின் வீல் கப் ஒன்று உட்கார்ந்திருப்பதும், இரண்டாம் பாகத்தில் குப்பையைப் போட்டால் மின்சாரம் தரும் அந்த வெள்ளைக் குடுவை உண்மையில் க்ரப்ஸ் கம்பெனியின் காபிக்கொட்டை அரைக்கும் மெஷின் என்பதும் அவர்களுக்கு மனப்பாடம்.

மீட்டெடுத்த கார் இப்போது லாஸ் ஏஞ்சலிஸில் பீட்டர்சன் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. 2021ல் அமெரிக்காவின் தேசிய வரலாற்று வாகனப் பதிவேட்டிலும் சேர்த்துவிட்டார்கள். சரி, அதைப் போய்ப் பார்க்கலாம், ஆனால் ஏறி உட்கார முடியுமா? ஒரு பள்ளிக்கூட வாசலுக்கு வந்து நின்று கதவைத் திறந்து காட்டுவது நகல்தான். பார்க்கின்சன் நோய் ஆராய்ச்சிக்காக படத்தின் நாயகன் மைக்கேல் ஜே. ஃபாக்ஸ் தொடங்கிய அறக்கட்டளைக்கு இந்த நகல்களை ஊர் ஊராகக் கொண்டுபோய் நிதி திரட்டித் தருகிறவர்களும் இருக்கிறார்கள். எனக்கு இந்த வண்டிகள் மேல் இவ்வளவு மரியாதை வந்ததற்கு அதுவும் ஒரு காரணம்.

கேள்வி: அமெரிக்காவில் மகன் படிக்கும் பள்ளியின் அறிவியல் விழாவுக்கு இப்படி ஒரு காரை வாடகைக்கு எடுக்க நினைக்கிறோம். எதையெல்லாம் கவனிக்க வேண்டும்? – வாசகி, நியூ ஜெர்சி

பதில்: முதலில் அடியில் இருப்பது உண்மையான டெலோரியன் காரா (மாடல் பெயர் டிஎம்சி-12) என்று கேளுங்கள். வட அயர்லாந்தில் பெல்ஃபாஸ்ட் பக்கத்தில் டன்மரி என்ற இடத்தில், 1981 தொடங்கி ரொம்பக் கொஞ்ச காலத்துக்கு, சுமார் 9,000 கார்கள்தான் செய்தார்கள், அப்புறம் கம்பெனி மூழ்கிவிட்டது. அப்படிப்பட்ட வண்டியில் நகல் செய்திருந்தால் அதன் உடம்பைக் கிட்டே போய்ப் பாருங்கள். பெயின்ட் கிடையாது, வெறும் எவர்சில்வர் தகடு, ஒரே திசையில் மெல்லிய கோடு கோடாகத் தேய்த்திருப்பார்கள். சின்னக் கீறல் விழுந்தால் அந்தக் கோடுகளின் போக்கிலேயே தேய்த்து மறைத்துவிடலாம், நசுங்கினால் கதை வேறு, மற்ற கார் மாதிரி பட்டி பார்த்துப் பெயின்ட் அடித்து மூட முடியாது. உள்ளே தட்டித்தட்டித்தான் நிமிர்த்த வேண்டும். நல்லபடியாகப் புதுப்பித்த வண்டியில் அந்தக் கோடுகள் கதவிலிருந்து பக்கத்துத் தகடு வரை தடுமாறாமல் ஓடும். குழந்தைகள் கை வைத்தால் ரேகை அப்படியே பதியும், உரிமையாளர் துணியோடு துடைத்துக்கொண்டே நிற்பார், அவரைத் தப்பாக நினைக்காதீர்கள்.

மேலே தூக்கித் திறக்கும் கதவுக்குப் பக்கவாட்டில் ஓர் அடி இடம் இருந்தாலே போதும். ஆனால் திறந்த கதவு ஆளுயரத்துக்கு மேலே போகும், தாழ்ந்த பந்தலுக்குள்ளோ தோரணத்துக்குக் கீழேயோ நிறுத்திவிடாதீர்கள்.

ஹாலுக்குள் நிறுத்துவதாக இருந்தால் தீயணைப்பு விதிகளை முன்பே கேட்டு வைப்பது முக்கியம். அமெரிக்காவில் பல இடங்களில், கட்டடத்துக்குள் காட்சிக்கு வைக்கும் காரில் பெட்ரோல் கால் டேங்க்குக்கு மேல் இருக்கக் கூடாது, பேட்டரி இணைப்பைக் கழற்றியிருக்க வேண்டும். பேட்டரியைக் கழற்றினால் தேதி காட்டும் பலகையும், காலம் தாண்ட வைப்பதாகப் படத்தில் சொல்லும், ஒய் வடிவத்தில் மினுக்கும் ஃப்ளக்ஸ் கெபாசிட்டரும் அணைந்து போகுமே, பிள்ளைகள் பார்க்க வருவதே அதைத்தானே? அதனால் அந்த விளக்குகளுக்குத் தனி மின் இணைப்பு இருக்கிறதா என்று உரிமையாளரிடம் கேளுங்கள். விழாக்களுக்குப் போய்ப் பழகியவர் என்றால் சட்டென்று பதில் வரும், தயங்கினால் யோசியுங்கள். இன்சூரன்ஸ், வண்டியை ஏற்றிவரும் டிரெய்லரின் செலவு, கூட வந்து நிற்கும் ஆள், புகை விடும் மெஷினுக்கு ஹாலில் அனுமதி, எல்லாவற்றையும் எழுத்தில் வாங்கிவிடுங்கள்.

கேள்வி: சினிமாக் காரை இப்படி நகலெடுத்தால் வழக்கு வராதா? – வாசகர், சேலம்

பதில்: வந்திருக்கிறது. பேட்மேன் கார் நகல்களைச் செய்து விற்ற கலிஃபோர்னியாக்காரர் ஒருவர் மீது டிசி காமிக்ஸ் வழக்குப் போட்டு, அந்தக் கார் ஒரு கதாபாத்திரம் மாதிரி, அதற்கும் பதிப்புரிமை உண்டு என்று 2015ல் மேல்முறையீட்டு நீதிமன்றத்தில் ஜெயித்தது. அதற்காக எல்லாப் படத்துக் காருக்கும் இதே தீர்ப்பு பொருந்தும் என்று இல்லை. ஆசைக்கு ஒன்று செய்து வைத்துக்கொள்வது வேறு, தொழிலாகச் செய்து விற்பது வேறு. காசு வாங்கிக்கொண்டு விழாவுக்கு அனுப்புகிறவர்கள், படத்தின் பெயரையும் சின்னத்தையும் விளம்பரத்தில் போடுவதற்கு முன்னால் ஒரு வக்கீலைப் பார்த்துவிட வேண்டும்.

கேள்வி: நகல் கார் நிஜமாகவே 88 மைல் வேகம் போகுமா? – வாசகர், திருநெல்வேலி

பதில்: படத்தில் இந்தக் கார் காலம் தாண்ட மணிக்கு 88 மைல் வேகத்தைத் தொட வேண்டும், அதாவது சுமார் 142 கிலோமீட்டர். நல்ல நிலையில் உள்ள டிஎம்சி-12 தாராளமாகப் போகும், சுமார் 130 குதிரைத்திறன் உள்ள வி6 எஞ்சின் பின்னால் இருக்கிறது. ஆனால் அமெரிக்காவில் அந்தக் காலத்து விதிப்படி இந்தக் காரின் வேகமானியில் 85 வரைதான் எண் போட்டிருப்பார்கள். படத்துக்காக வேறு டயல் மாட்ட வேண்டியிருந்தது.