பழைய 300டி-யில் ஆயில் கூலர் ஹோஸ் மாற்றுவது: கேள்வி பதில்

ஆயில் கூலர் என்றால் எஞ்சின் ஆயிலின் சூட்டைத் தணிக்கிற சின்ன ரேடியேட்டர், அதற்கு ஆயிலைக் கொண்டு போய் வருகிற குழாய்தான் இந்த ஹோஸ். முதலில் ஒன்று சொல்லிவிடுகிறேன். எனக்குத் தெரிந்தது மெர்சிடிஸ் டபிள்யூ123 மாடல் உடம்பில் வந்த ஐந்து சிலிண்டர் டர்போ டீசல், அதாவது ஓஎம்617 எஞ்சின். அமெரிக்காவில் 1982 முதல் 85 வரை விற்ற 300டி எல்லாம் இதுதான். மற்ற வண்டி வைத்திருப்பவர்கள் கேட்கலாம், ஆனால் பதில் சுருக்கமாகத்தான் வரும்.

கேள்வி (ஹூஸ்டன்): ரப்பர் ஹோஸ் இரும்புக் குழாயோடு சேரும் இடத்தில் ஈரம். துடைத்தால் மறுபடி வருகிறது. ஓட்டலாமா அண்ணா?

ஹோஸை மாற்றப் போகிற இடம் வரைக்கும் ஓட்டுங்கள், அதோடு நிறுத்துங்கள். வால்வ் கவரில் கசிந்தால் அது தரையில் கறை, அவ்வளவுதான். இது வேறு. பம்ப் அழுத்தி அனுப்புகிற ஆயில் இந்த ஹோஸ் வழியாகத்தான் கூலருக்குப் போய் வருகிறது, அது பிய்ந்தால் சுமார் ஏழரை லிட்டரும் ரோட்டில் கொட்டிவிடும், எஞ்சின் அங்கேயே பிடித்துக்கொள்ளும். டாஷ்போர்டில் ஆயில் பிரஷர் மீட்டர் இருக்கிறதே, சூடான எஞ்சின் ஐட்லிங்கில் 0.3 பார் வரை இறங்கினால் பயப்பட வேண்டாம், ஆனால் ஓடிக்கொண்டிருக்கும்போது ஊசி 3-ஐ விட்டு இறங்கினால் அடுத்த எக்ஸிட் வரை போகலாம் என்று கணக்குப் போடாமல் அந்த இடத்திலேயே ஓரங்கட்டி எஞ்சினை அணையுங்கள். இந்த வண்டி சாவியைத் திருப்பினால் வேக்யூம் வழியாகத்தான் அணைகிறது, வேக்யூம் குழாய் எங்காவது லீக் என்றால் அணையாது. பானெட்டைத் திறந்தால் உள்ளே 'ஸ்டாப்' என்று எழுதிய நெம்பு ஒன்று இருக்கும், அதை அமுக்கினால் நிற்கும். அது எங்கே என்று இன்றைக்கே பார்த்து வையுங்கள்.

அப்புறம் எஞ்சினைத் தாங்குகிற ரப்பர், அதாவது எஞ்சின் மவுண்ட்டையும் பாருங்கள். அது உட்கார்ந்துபோயிருந்தால் எஞ்சின் அணையும்போது உதறுகிற உதறல் எல்லாம் ரப்பரையும் குழாயையும் நசுக்கிச் சேர்த்திருக்கிற இடத்தில், அதாவது அந்த கிரிம்ப்பில்தான் விழும்.

கேள்வி (நியூஜெர்சி): கூலர் பக்கத்து நட்டு அசையவே இல்லை. நீளக் குழாய் மாட்டி அழுத்தலாமா?

ஐயோ, வேண்டாம். நல்லவேளை கேட்டீர்கள். கூலர் அலுமினியம், நட்டு இரும்பு. நாற்பது வருஷம் ஒன்றாகக் கிடந்ததில் இரண்டும் பிடித்துக்கொண்டிருக்கும், பலத்தைக் காட்டினால் நட்டோடு சேர்ந்து கூலரின் மரையும் உரிந்து வரும். ஹோஸ் வாங்கப் போனவர் கூலரும் தேட வேண்டியிருக்கும்.

இரண்டு ஸ்பேனர். எப்போதும் இரண்டு ஸ்பேனர். ஒன்று கூலரிலிருந்து வருகிற அறுகோணத்தை அசையாமல் பிடிக்க, இன்னொன்று நட்டைத் திருப்ப. முந்தின இரவே துரு இளக்குகிற எண்ணெயை அடித்து ஊறவிடுங்கள். அப்படியும் வரவில்லையா, பழைய ஹோஸ் எப்படியும் குப்பைக்குத்தானே, குழாயை நட்டுக்கு ஒட்டினாற்போல அறுத்துவிட்டு நீள சாக்கெட் போடுங்கள், பிடி நன்றாகக் கிடைக்கும். கடைசி வழி, சின்ன வெட்டுச் சக்கரத்தால் நட்டின் ஒரு பக்கத்தை மரை தொடாமல் கீறி, உளி வைத்துத் திறப்பது. நெருப்பு காட்டாதீர்கள். அலுமினியம் இரும்பு மாதிரி சிவந்து எச்சரிக்காது, நின்றுகொண்டே இருக்கும், திடீரென்று உருகும்.

திரும்ப மாட்டும்போது முதல் சில சுற்று கையால் போக வேண்டும். கையால் போகவில்லை என்றால் மரை மாறி ஏறுகிறது என்று அர்த்தம்.

கேள்வி (டல்லாஸ்): ரப்பரை மட்டும் வெட்டிவிட்டு ரேடியேட்டர் ஹோஸ் துண்டு ஒன்றை கிளாம்ப் போட்டுச் சேர்த்தால்?

கூடாது. ரேடியேட்டர் ஹோஸ் இபிடிஎம் ரப்பர். தண்ணீருக்கு நல்லது, ஆயில் பட்டால் ஊதிக் கொழகொழவென்று ஆகிவிடும். திருகு கிளாம்ப்பும் இந்த அழுத்தத்துக்கு இல்லை.

கேள்வி (சிகாகோ): டிராக்டர்களுக்கு ஹைட்ராலிக் ஹோஸ் செய்து தரும் கடையில் பழைய முனைகளிலேயே புது ரப்பர் கிரிம்ப் செய்து தருகிறார்கள். செய்யலாமா?

தாராளமாக, நானும் அதைத்தான் சொல்வேன். ஆனால் கடைக்காரர் "இருநூறு பார் தாங்கும்" என்பார், அதில் மயங்காதீர்கள். நமக்கு அழுத்தம் சில பார்தான், பிரச்சினை சூடு. சாதாரண ஹைட்ராலிக் ஹோஸ் பலவற்றின் வெப்ப வரம்பு 100 டிகிரி, எஞ்சின் ஆயில் கோடையில் மேட்டில் அதைத் தாண்டும். 150 டிகிரி ரகம் கேளுங்கள். பழைய ஹோஸைக் கையில் கொண்டு போங்கள், முனைகள் எந்தக் கோணத்தில் திரும்பியிருக்கின்றன என்று கிரிம்ப் பண்ணும் முன் குறித்துக்கொள்ளச் சொல்லுங்கள், இல்லையென்றால் மாட்டும்போது முறுக்கிக்கொண்டு நிற்கும்.

கேள்வி (பீனிக்ஸ்): எதற்கு இந்தப் பாடு? கூலரைக் கழற்றிவிட்டு இரண்டு வழியையும் ஒரே ஹோஸால் இணைத்தால் போச்சு. எங்கள் சித்தப்பா மதுரையில் அம்பாசடர் டீசல் டாக்ஸி ஓட்டினார், கூலரே கிடையாது.

சித்தப்பாவின் அம்பாசடர் 1489 சிசி, 37 குதிரைத்திறன், டர்போ இல்லை. உங்களுடையது மூன்று லிட்டர், சுமார் 120 குதிரைத்திறன். அந்த டர்போவின் பேரிங்கும் இதே ஆயிலில்தான் மிதக்கிறது. பீனிக்ஸ் வெயிலில் ஏசி போட்டு மலை ஏறும்போது ஆயில் தண்ணியாகிப் போனால் முதலில் அழுவது அதுதான்.

(அவரே மறுபடி): நான் மெதுவாகத்தான் ஓட்டுவேன். தேவையில்லாத பாகம்.

சரி, ஒத்துக்கொள்கிறேன் என்றே வைத்துக்கொள்வோம். அந்த இணைப்பு ஹோஸ் எதில் செய்வீர்கள்? அதே சூடு, அதே அழுத்தம் தாங்குகிற ரப்பர், அதே மாதிரி இரண்டு கிரிம்ப். தப்பித்தது என்ன, பக்கத்து ஹோஸ் ஒன்றா?

(சிகாகோக்காரர் இடையில்): அண்ணா, குளிர்காலத்தில் எங்களுக்காவது கூலர் வேண்டாமே?

நீங்களுமா! ஃபில்டர் ஹவுசிங்குக்குள் தெர்மோஸ்டாட் இருக்கிறது, ஆயில் சூடான பிறகுதான் கூலருக்கு வழியைத் திறந்துவிடும். குளிரில் அது தானாகவே பார்த்துக்கொள்ளும். இந்தப் பேச்சை இதோடு விடுவோம்.

கேள்வி: என் 300டி-யில் ஏசி குளிரவில்லை.

எனக்கு ஏசி தெரியாது.

கேள்வி: ஃப்யூயல் ஹோஸ் + நல்ல கிளாம்ப் இரண்டு போட்டால் போதுமா?

டல்லாஸ்காரருக்குச் சொன்ன பதில்தான். நான்கு கிளாம்ப் போட்டாலும் அதேதான்.

கேள்வி (ராலே): மாற்றிவிட்டேன். கால் மணி நேரம் ஐட்லிங்கில் விட்டேன், சொட்டுகூட இல்லை. வேலை முடிந்ததா? ஒரு ஸ்பேனரிலேயே வந்துவிட்டது.

ஒரு ஸ்பேனரில் வந்தது அதிர்ஷ்டம், அதை வழி என்று யாருக்கும் சொல்லாதீர்கள். வேலை முடியவில்லை. மேலே சொன்ன தெர்மோஸ்டாட்தான் காரணம், நின்ற இடத்தில் ஓடவிட்டால் அது சரியாகத் திறக்கக்கூட மாட்டாது, ஹோஸுக்கு இன்னும் பரீட்சையே வரவில்லை. ஹைவேயில் அரை மணி நேரம் ஓட்டி வாருங்கள், கீழே ஒரு அட்டையை விரித்து வண்டியை அதன்மேல் நிறுத்துங்கள், நான்கு இணைப்பையும் காகிதத் துண்டால் துடைத்துப் பாருங்கள். கொஞ்ச நேரம் கழித்து டிப்ஸ்டிக் பாருங்கள், காலியான கூலரும் ஹோஸும் குடித்த அளவுக்கு லெவல் இறங்கியிருக்கும், ஊற்றிவிடுங்கள்.